மறைத்து வைத்த மகிழ்ச்சி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி ஒருவர்)

‘இரகசியம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் நெஞ்சில் முதலில் எழுவது நன்மையா, தீமையா? தீமை என்றுதான் நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். நல்ல காரியத்தை ஊரறியச் செய்வார்கள், கெட்ட காரியத்தை ஒளித்துச் செய்வார்கள் என்பது நாம் கேட்டு வளர்ந்த பாடம்.

ஆனால் நல்லதையும் ஒளித்துச் செய்யும் வழக்கம் ஒன்று நம்மிடையே பரவியிருக்கிறது. பிறந்தநாள் காணும் தோழிக்குத் தெரியாமல் பணம் வசூலித்து, கேக் வாங்கி, விடுதி அறையில் விளக்கை அணைத்துக் காத்திருந்து, அவள் கதவைத் திறந்ததும் ‘ஓ’வென்று கத்துகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். ‘சர்ப்ரைஸ்’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். இது வீண் ஆடம்பரம் என்று பெரியவர்கள் சிலர் கூறுகிறார்கள். அந்தக் கருத்து எனக்கு உடன்பாடன்று. மறைத்துக் கொடுப்பதில் ஓர் அழகு இருக்கிறது. சில வேளைகளில் ஒரு தேவையும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு தெரியாமல் நான் செய்த ஒரு காரியம், இந்தக் கல்லூரிக்கு வரும் வழியையே எனக்கு ஏறக்குறைய அடைத்துவிட்டது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

என் தந்தையார் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி ஓசூருக்கு வந்தவர். 1971-ல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, எல்லையோரத்தில் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலங்களில் ஆலைகள் எழுந்தன. லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக ஓசூரில் செய்யப்பட்டன. மழை பொய்த்த ஊர்களிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கினார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருக் குழாயடியில் பேசப்பட்டன. இப்போது ஒரியாவும் இந்தியும் சேர்ந்திருக்கின்றன. அப்பா ஓர் ஆலையின் கேண்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். ஆலையின் ஆளாக அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆளாக.

இருபத்தேழு ஆண்டுகள் அவர் அங்கே சமைத்தார். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, ஓசூர்க் குளிரில் காதைத் துண்டால் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போவார். முதல் ஷிப்டுக்கு இட்லி, பொது ஷிப்டுக்குச் சாப்பாடு என்று அறுநூறு பேருக்கு அடுப்பெரியும். இடையில் நான்கு முறை ஒப்பந்தக்காரர் மாறினார். ஒவ்வொரு முறையும் அப்பா ‘புதிய ஆள்’ ஆனார். கையிலே இருபது ஆண்டுத் தழும்பு, பதிவேட்டிலே இரண்டு ஆண்டுச் சர்வீஸ்! ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கென்று 1970-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டதாகப் படித்திருக்கிறேன். குடிநீரும் கேண்டீனும் ஓய்வறையும் அளிக்க வேண்டும் என்று அது சொன்னது. விடைபெறும் நாளில் ஒரு மாலை போட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்லும்?

நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த ஆலையில் விழா நடக்கும். மேடை போட்டு, சால்வை போர்த்தி, குடும்பத்தாரை அழைத்துப் படமெடுத்து, காரில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த விழாக்களுக்குக் கேசரி கிண்டியவர் என் அப்பா. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைந்தபோது மேற்பார்வையாளர் சொன்னது ஒரே வாக்கியம்: “மாசக் கடைசியோட கேட் பாஸை ஒப்படைச்சிடுங்க.” சென்ற ஆண்டு ஜனவரி மாதம் அது.

அன்றிரவு அண்ணனும் நானும் முடிவு செய்தோம். ஆலை செய்யாததை வீடு செய்யும்! பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லைன் வீட்டு மொட்டைமாடியில் அப்பாவுக்கு ஒரு விழா.

‘அதை அவரிடமே சொல்லிச் செய்திருக்கலாமே, ஏன் மறைக்க வேண்டும்?’ என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருந்தால் நடந்திராது. “எதுக்குப் பாப்பா வீண் செலவு? அந்தப் பணத்துக்கு நீ ஒரு புஸ்தகம் வாங்கு” என்றிருப்பார். பெறுவதற்குக் கூச்சப்படுகிறவர்களுக்கு வேறு எப்படித்தான் கொடுப்பது? தமக்கென்று எதையும் கேட்டறியாத தாய் தந்தையர்க்கு ஒன்று கொடுக்க வேண்டுமானால், அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். நான் முன்பு ‘தேவை’ என்று குறித்தது இதைத்தான்.

திட்டம் போட்ட பிறகுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. அப்பாவோடு வேலை செய்தவர்கள் பதினான்கு பேர். ஒருவர் அத்திப்பள்ளியிலிருந்து எல்லை தாண்டி வரும் கன்னடக்காரர். இருவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள். மற்றவர்கள் பாகலூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம். ஒருவருக்குக் காலை ஷிப்டு என்றால் மற்றவருக்கு இரவு ஷிப்டு. எல்லோருக்கும் பொருந்தும் வேளை ஞாயிறு பகல் பதினொரு மணிதான். அழைப்பையெல்லாம் தொலைபேசியில் சொல்ல வேண்டும். எங்கள் வீடோ ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. வாசலில் நின்று மெல்லப் பேசினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

அப்போதுதான் எங்கோ படித்த ஒரு செய்தி என் நினைவுக்கு வந்தது. 1953 மே 29-ஆம் நாள் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார்கள். உடன் சென்றிருந்த லண்டன் ‘டைம்ஸ்’ நிருபர் ஜேம்ஸ் மோரிஸ் அந்தச் செய்தியை ஓர் ஓட்டக்காரர் கையில் கொடுத்து நாம்சே பஜாரில் இருந்த இந்தியக் கம்பியில்லாத் தந்தி நிலையத்துக்கு அனுப்பினார். வழியில் போட்டிப் பத்திரிகைகள் செய்தியைக் களவாடக்கூடாதே! ஆகவே பனி நிலை மோசம் என்று எழுதினார். சிகரத்தை வென்றாயிற்று என்பது அதன் மறைபொருள். முகாமைக் கைவிட்டதாக எழுதியது ஹிலாரியையும், நிலைமை சீராகக் காத்திருப்பதாக எழுதியது டென்சிங்கையும் குறித்தன. படித்தவர்கள் பயணம் தோற்றது என்றே நினைத்திருப்பார்கள். ஜூன் 2-ஆம் நாள், எலிசபெத் அரசியார் முடிசூடிய அன்று காலையில், அந்த மகிழ்ச்சிச் செய்தி லண்டனில் வெளியாயிற்று.

என்ன சாமர்த்தியம் என்று வியந்த நான் அதையே பின்பற்றினேன். அப்பாவுக்கு ‘மாப்பிள்ளை’ என்று ஒரு மறைபெயர் சூட்டினேன். “மாப்பிள்ளைக்குச் சட்டை அளவு நாற்பது”, “மாப்பிள்ளை பதினொரு மணிக்கு மேலே வந்துடுவார்”, “வீட்ல யாருக்கும் தெரியாது, பத்திரம்!” இப்படியெல்லாம் தொலைபேசியில் பேசினேன். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அம்மாவிடமும் சொல்லவில்லை. ‘அம்மா வாயில் எதுவும் நிற்காது’ என்று நாங்கள் இருவருமாகத் தீர்மானித்துவிட்டோம். எங்கள் முதல் தவறு அதுதான்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பெண்களால் இரகசியம் காக்க முடியாது என்று ஒரு பழிச்சொல் நாட்டில் நிலவுகிறது. அதற்கு மகாபாரதத்தையே சான்று காட்டுவார்கள். கர்ணன் தன் மூத்த மகன் என்பதைப் போர் முடிந்த பிறகு குந்தி வெளியிட, தருமர் மனம் வெதும்பி, இனிப் பெண்களிடம் இரகசியம் தங்காமற் போகட்டும் என்று சபித்தாராம். சற்றே எண்ணிப் பாருங்கள்! கன்னிப் பருவம் முதல் மகன் களத்தில் மடியும் வரை குந்தி அதைப் பாண்டவர் ஐவருக்கும் தெரியாமல் காத்தாள். ஒரு பெண் இரகசியத்தை அளவுக்கு மீறிக் காத்ததனால் அல்லவா அந்தச் சாபமே பிறந்தது?

என் அம்மாவும் அப்படித்தான். நான் கல்லூரியில் சேர்ந்த வாரம் அவர் காதில் தோடு இல்லை. “திருகு கழண்டு போச்சு, தட்டாசாரிகிட்ட குடுத்திருக்கேன்” என்றார். அது அடகுக் கடையில் இருக்கிறது என்பது எட்டு மாதம் கழித்து, சீட்டைத் தற்செயலாகப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நம்மைப் போன்ற ஏழை வீடுகளில் இரகசியங்களுக்குக் குறைவே இல்லை. அப்பா கடனை அம்மாவிடம் மறைக்கிறார். அம்மா பசியைப் பிள்ளைகளிடம் மறைக்கிறார். அண்ணன் முதலாளியின் ஏச்சை எல்லோரிடமும் மறைக்கிறான். துன்பத்தை ஒளித்து வைப்பதில் நாம் கைதேர்ந்தவர்கள். அதனால்தான் நம் வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினால், கெட்ட செய்தி வருகிறது என்றே மற்றவர்கள் நடுங்குகிறார்கள். மகிழ்ச்சியும் மறைந்து வரக்கூடும் என்பது அந்தச் சுவர்களுக்குப் பழக்கமில்லை.

நடந்ததும் அதுவே. ஒரு மாலை நான் துணி துவைக்கும் கல்லருகே நின்று, ‘மாப்பிள்ளை’ ஞாயிறு பதினொரு மணிக்கு வருவதைப் பற்றிப் பேசியது அம்மா காதில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, ஒடிசா இளைஞர்களில் ஒருவர் கேண்டீன் தோழர்கள் திரட்டிய பணத்தை ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் என்னிடம் கொடுத்தார். அதை அவ்வழியே வந்த அப்பா பார்த்தார். மகள், இளைஞன், பணம், ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை! கூட்டிப் பார்த்தால் என்ன விடை வரும்?

அவர்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. அப்பா பாதிச் சோற்றில் எழுந்தார். வேலை போகும் கவலை என்று நான் நினைத்தேன். அம்மா காலையில் என்னோடு பேருந்து நிலையம் வரை நடந்து வந்தார். “பூ வாங்கணும்” என்றார். எத்தனை அன்பு என்று நான் பூரித்தேன்! போச்சம்பள்ளியில் இருக்கும் அத்தைக்கு இரவில் தொலைபேசி போயிற்று. இந்தப் பருவத் தேர்வோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று பேச்சு முடிந்திருந்தது. விழாவுக்கு அடுத்த புதன்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாகவும் ஏற்பாடாகியிருந்தது. எதுவும் எனக்குத் தெரியாது. நான் அவர்களிடம் ஒன்றை மறைத்தேன், அவர்கள் என்னிடம் ஒன்றை மறைத்தார்கள்.

ஞாயிறு வந்தது. மாடியில் கேண்டீன் தோழர்களே சமைத்தார்கள். அத்திப்பள்ளிப் பெரியவர் கீழே வந்து, “அண்ணா, சாம்பார்ல உப்பு பாக்கணும், மேல வாங்க” என்று தமிழும் கன்னடமும் கலந்து கூப்பிட்டார். மாடி வீட்டில் ஏதோ விசேஷம், கைகொடுக்கப் போகிறோம் என்று நினைத்து அப்பா பனியனும் துண்டுமாக ஏறி வந்தார். பதினான்கு பேர் கை தட்டினார்கள். சிவப்பு ரோஜா மாலை, எங்கள் ஊர்த் தோட்டத்து ரோஜா, அவர் கழுத்தில் விழுந்தது. நாற்பது அளவுச் சட்டையை அண்ணன் போட்டுவிட்டான். ஒரு டைட்டன் கைக்கடிகாரத்தை நான் கட்டினேன். 1984-ல் டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. ஓசூரில் செய்த கடிகாரம் நாடெங்கும் பல கைகளில் ஓடுகிறது. இத்தனை காலம் ஓசூரில் வாழ்ந்த என் அப்பா கையில் அன்றுதான் ஏறியது. பிறகு அவரை உட்கார வைத்து, இலை போட்டு, வாழ்நாளெல்லாம் பரிமாறியவருக்கு நாங்கள் பரிமாறினோம்.

அப்பா மாலையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். “பாப்பா, அந்த மாப்பிள்ளை நானா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரவில்தான் எல்லாம் சொன்னார்கள். “உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன் கண்ணு” என்ற அப்பாவின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. விழா ஞாயிறு நடந்ததால் புதன்கிழமை தப்பியது. புதன் முந்தி வந்திருந்தால்? என்னோடு முதலாண்டில் படித்த தோழி ஒருத்தி, செய்முறைப் பதிவேடு கேட்டு ஓர் ஆண் குரல் தொலைபேசியில் வந்த ஒரே காரணத்தால் நிறுத்தப்பட்டாள். அவளுக்கு ‘ஞாயிற்றுக்கிழமை’ வரவே இல்லை.

இதிலிருந்து நான் கற்றது என்ன? மறைத்துக் கொடுப்பதே தவறு என்று நான் கூற மாட்டேன். அதற்குச் சான்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. 2004 வரை நம் கிருஷ்ணகிரி எந்த மாவட்டத்தோடு சேர்ந்திருந்ததோ, அந்தத் தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் ஆண்ட மண். எட்டுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனியை அவன் ஔவைக்குக் கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். உண்டவரை நெடுங்காலம் வாழவைக்கும் கனி என்பதை அவன் சொல்லாமலே கொடுத்தான் என்று புறநானூற்றின் 91-ஆம் பாடலில் ஔவையே பாடுகிறார். சொல்லியிருந்தால், ‘நாடாளும் நீயே உண்க’ என்று அவர் மறுத்திருப்பார் அல்லவா? என் அப்பாவைப் போல!

ஆனால் அதியமான் மறைத்ததற்கும் நான் மறைத்ததற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அவன் கனியின் பெருமையைத்தான் மறைத்தான். ‘இது நஞ்சு’ என்று வேடம் போடவில்லை. மறைத்து வைத்திருந்த அந்த நேரத்திலும் ஔவையின் மனம் ஒரு கணமும் நோகவில்லை. நானோ எவரெஸ்ட் நிருபரைப் போல நல்ல செய்திக்குக் கெட்ட செய்தியின் சட்டையை மாட்டிவிட்டேன். அவர் ஏமாற்றியது போட்டியாளர்களை. என் மறைமொழியைக் கேட்டு நொந்தவர்களோ என்னைப் பெற்றவர்கள். மறைப்பது வேறு, பொய் வேடம் போடுவது வேறு.

ஆகவே என் கருத்து இது. மகிழ்ச்சியை மறைத்துக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் யாருக்காக மறைக்கிறீர்களோ அவருக்கு மிக நெருங்கிய ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லியிருந்தால் அந்தப் பத்து நாள் அவரே எனக்குக் காவலாய் நின்றிருப்பார். தோட்டு இரகசியத்தை எட்டு மாதம் காத்தவருக்குச் சட்டை இரகசியம் ஒரு பாரமா? மறைக்கும் காலம் குறுகியதாக இருக்கட்டும். இடையில் அவர் முகம் வாடக் கண்டால், விழா கெட்டாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். யாரை மகிழ்விக்க முனைந்தோமோ அவரை வாடவிட்டுச் செய்யும் விழா, விழா அன்று.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். இந்த மலரை நீங்களும் படிக்கக்கூடும். எழுத்தறியாத பெற்றோர்க்கு என்னைப் போன்ற மகள்கள் படித்துக் காட்டக்கூடும். மகன் தொலைபேசியில் மெல்லப் பேசினால் வேலை விஷயம், மகள் மெல்லப் பேசினால் ஒன்றே ஒன்றுதான் என்று எண்ணும் வழக்கம் நம்மை விட்டுப் போக வேண்டும். சந்தேகம் வந்தால் கேளுங்கள். “என்ன பாப்பா, யார்கிட்ட பேசற?” என்ற ஒரே கேள்விக்கு நான் விடை சொல்லியிருப்பேன். விழா பாழாகியிருக்கும், ஆனால் நீங்கள் பத்து நாள் பட்டினி கிடந்திருக்க மாட்டீர்கள்.

அப்பா இப்போது காலையில் ஆறு மணிக்குத்தான் எழுகிறார். கடிகாரத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டுகிறார். இந்த ஆண்டு அம்மாவின் தோட்டை மீட்டாயிற்று. அதை அம்மாவுக்குத் தெரியாமல் திடீரென்று காதில் போட வேண்டும் என்று அண்ணன் ஒரு திட்டம் சொன்னான். நான் ஒப்புக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு.

அப்பாவிடம் முதலில் சொல்லிவிட்டோம்.